கிராஃபீனில் கலப்பு: மின்சாரத்துக்கு வரவு, வெப்பத்துக்குச் செலவு

ஒரு சின்னக் கணக்கு. இரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவு சுமார் 80. குரோமியத்துக்கு சுமார் 94. நிக்கலுக்கு சுமார் 91. (அலகு: ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட். இனி எண் மட்டும் போதும்.) இந்த மூன்றையும் உருக்கிக் கலந்தால் வருவதுதான் எவர்சில்வர். அதன் அளவு என்னவாக இருக்கும்? 80க்கும் 94க்கும் நடுவே ஏதோ ஒன்று என்றுதான் யாரும் சொல்வார்கள்.

விடை: சுமார் 15!

எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிப்பிடிப்பதற்கும், கடைக்காரர் அடியில் செம்புத் தகடு வைத்த பாத்திரத்தை அதிக விலைக்கு விற்பதற்கும் காரணம் இந்தப் பதினைந்துதான். அடுப்பு படும் இடம் சுட்டெரிக்கும், ஓரம் ஆறிக் கிடக்கும். செம்பின் கதையும் அதேதான். சுத்தமான செம்பு சுமார் 400. அதில் முப்பது சதவீதம் துத்தநாகம் சேர்த்துப் பித்தளை ஆக்கினால் சுமார் 120. நல்ல பொருளோடு நல்ல பொருளைக் கலந்தாலும் வெப்பம் விஷயத்தில் கணக்கு நஷ்டத்தில்தான் முடிகிறது.

சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மாரமங்கலம் முதலான ஊர்கள் இருக்கும் சேர்வராயன் மலையில் காபியும் மிளகும் மட்டும் இல்லை, பாக்சைட்டும் உண்டு. அந்த மலையிலிருந்து வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய், மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் ஆலையில் அலுமினியம் ஆனது. 1960களில் தொடங்கிய அந்த உற்பத்தி 2008ல் நின்றது. சுத்தமான அலுமினியத்தின் அளவு சுமார் 237. ஆனால் மெத்தென்று வளையும் சுத்த அலுமினியத்தை வைத்து எஞ்சின் பாகம் செய்ய முடியாது. சிலிக்கானும் செம்பும் சேர்த்து வார்க்கிறார்கள். உறுதி கிடைக்கிறது, வெப்பக் கடத்தல் ஏறக்குறைய நூறுக்கு இறங்கிவிடுகிறது. உறுதி வேண்டுமா, கடத்தல் வேண்டுமா என்று தெரிந்தே செய்யும் வியாபாரம் அது. மோட்டார் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும், அதனால் ஏமாற்றம் இல்லை.

இப்போது அதே வியாபாரம் இன்னொரு பொருளில் நடக்கிறது. அங்கே வாங்குகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பொருள் கிராஃபீன்.

கிராஃபீன் என்றால் என்ன?

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், அடுக்கி வைத்த காகிதக் கட்டு மாதிரி. அதில் ஒரே ஒரு தாளை உரித்தால் அது கிராஃபீன். ஓர் அணு அளவு தடிமன், தேனடை போல அறுகோண வலை, அத்தனையும் கார்பன். 2004ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் குழு சாதாரண ஒட்டும் டேப்பை வைத்து இதை உரித்தெடுத்தது. 2010ல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு.

வெப்பத்தில் இதன் பெருமை 2008ல் தெரிய வந்தது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் பாலாண்டின் குழு, ஒரு பள்ளத்தின் மேல் பாலம் போலத் தொங்கவிட்ட கிராஃபீன் தாளை அளந்தது. கிடைத்த விடை சுமார் 4840 முதல் 5300 வரை. செம்பைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! வைரமே இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது.

இதில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு. ஓர் அணு தடிமனுள்ள தாளில் தெர்மாமீட்டர் வைக்க முடியாது. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கண்டுபிடித்தார்கள். திருச்சி அருகே பிறந்த சர் சி.வி. ராமன் 1928ல் கண்டுபிடித்த அதே ராமன் சிதறல்தான் அங்கே தெர்மாமீட்டர்.

அன்று முதல் "5000" என்ற எண் கிராஃபீனின் விசிட்டிங் கார்டு ஆகிவிட்டது. கட்டுரையில் அது, விளம்பரத்தில் அது, முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடிலும் அது. பின்னால் வந்த பல அளவீடுகள் அதைவிடக் குறைவாகவே சொன்னாலும் விசிட்டிங் கார்டு மட்டும் மாறவில்லை.

மாசூட்டல் ஏன்?

பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு 'மாசூட்டல்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். சிலிக்கானில் துளி பாஸ்பரஸ் அல்லது போரான் சேர்த்தால் மின்சாரம் எளிதாக ஓடும். அதுதான் டோப்பிங். கிராஃபீனிலும் இதைச் செய்யலாம். வலையில் ஒரு கார்பனை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தால் ஓர் எலக்ட்ரான் கூடுதல். போரானை வைத்தால் ஓர் எலக்ட்ரான் குறைவு. இரண்டு வழியிலும் மின் பண்பை விரும்பியபடி திருப்பலாம்.

இந்தியாவும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. 2008ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஜய் சூட்டும் வெளிநாட்டுக் கூட்டாளிகளும், கிராஃபீனில் எத்தனை எலக்ட்ரான் ஏறியிருக்கிறது என்பதை ராமன் சிதறலை வைத்தே கண்காணிக்க முடியும் என்று காட்டினார்கள். 2009ல் அதே ஊரின் ஜவஹர்லால் நேரு மையத்தில் சி.என்.ஆர். ராவ் குழு போரான் கலந்த கிராஃபீனையும் நைட்ரஜன் கலந்த கிராஃபீனையும் தயாரித்து வெளியிட்டது. மின்கலம், சென்சார், வினையூக்கி என்று இவற்றுக்குப் பயன் நிறைய.

சரி, மின்சாரத்துக்கு நல்லது. வெப்பத்துக்கு?

இரண்டு பேர், இரண்டு வேலை

செம்பு போன்ற உலோகத்தில் மின்சாரத்தைச் சுமப்பதும் வெப்பத்தைச் சுமப்பதும் பெரும்பாலும் ஒரே ஆள்: எலக்ட்ரான். அதனால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 1853லேயே வீடமன், ஃபிரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் இதை ஒரு விதியாகச் சொல்லிவிட்டார்கள்.

கிராஃபீனில் அப்படி இல்லை. மின்சாரத்தைச் சுமப்பது எலக்ட்ரான். வெப்பத்தைச் சுமப்பது பெரும்பாலும் அணுக்களின் அதிர்வு. இறுக்கிக் கட்டிய வலையை ஒரு முனையில் தட்டினால் அதிர்வு மறுமுனைக்கு ஓடுகிறதல்லவா, அது போல. அந்த அதிர்வு அலைக்கு ஃபோனான் என்று பெயர். கார்பன் லேசான அணு, கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள பிணைப்பு மிக இறுக்கம், வலையில் ஒரு கண் கூடப் பிசகவில்லை. அதனால்தான் அலை தடையில்லாமல் வெகுதூரம் ஓடுகிறது. வெப்பத்தில் எலக்ட்ரானின் பங்கு பெரும்பாலான கணிப்புகளில் சில சதவீதம்தான்.

ஆக, நைட்ரஜனோ போரானோ உள்ளே வந்தால் என்ன ஆகும்? எலக்ட்ரான் எண்ணிக்கை மாறுகிறது, அது மின்சாரக் கணக்கு. வெப்பக் கணக்கில் அந்தக் கூடுதல் எலக்ட்ரானுக்கு மதிப்பே கிடையாது. மாறாக, புதிய அணுவின் எடை வேறு, பிணைப்பின் நீளம் வேறு. அலை அந்த இடத்தில் மோதிச் சிதறுகிறது. நல்ல தார்ச்சாலையில் நூறடிக்கு ஒரு வேகத்தடை போட்ட மாதிரி.

வெறும் எடை வித்தியாசம் இவ்வளவு செய்யுமா என்று சந்தேகம் வரலாம். அதற்கும் பரிசோதனை இருக்கிறது. கார்பனில் 12 எடையுள்ள அணுவும் உண்டு, 13 எடையுள்ள அணுவும் உண்டு. வேதியியலில் இரண்டும் ஒன்றேதான். 2012ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய முழுக்கக் கார்பன்-12 மட்டும் உள்ள கிராஃபீனுக்கு நாலாயிரத்துக்கும் மேல் கிடைத்தது. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்த கிராஃபீனுக்கு அதில் பாதி கூடத் தேறவில்லை! அந்நியர் யாரும் உள்ளே வரவில்லை. சொந்தக்காரர்களிலேயே கொஞ்சம் குண்டானவர்கள் வந்ததற்கே இந்தக் கதி.

அந்நியர் வந்தால் இன்னும் மோசம். கணினியில் ஒவ்வோர் அணுவையும் அசைத்துப் பார்க்கும் உருவகக் கணக்குகளில், நூறு கார்பனுக்கு ஒரு நைட்ரஜன் வைத்தாலே கடத்தல் பாதிக்கும் கீழே போகிறது. போரானிலும் ஏறக்குறைய அதே சரிவு. ஆக்சிஜன் இன்னும் கொடுமை. ஐந்து சதவீதம் ஆக்சிஜன் ஒட்டினால் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் காலி என்றும், இருபது சதவீதம் ஒட்டினால் மிஞ்சுவது பத்துக்கும் கீழே என்றும் 2014ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. அதாவது எவர்சில்வரை விடவும் கீழே!

இவை கணினிக் கணக்குகள்தான், துல்லியமான எண் மாறலாம். ஆனால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதில் சந்தேகம் இல்லை.

வெளியிலிருந்து எதுவும் கலக்காமல் வெறும் தரையில் படுக்க வைத்தால் கூட 5000 நிற்பதில்லை. 2010ல் சிலிக்கான் ஆக்சைடு மேல் ஒட்டிய கிராஃபீனை அளந்தபோது கிடைத்தது சுமார் 600. தரை அதன் அதிர்வை அமுக்கிவிடுகிறது.

கடைக்கு வந்தால்...

ஆய்வுக்கூடம் வரை எல்லாம் நேர்மையாகத்தான் இருக்கிறது. எந்தத் தாள், எப்படித் தொங்கியது, என்ன கலந்தது என்று கட்டுரையில் வரிக்கு வரி எழுதுகிறார்கள். பிரச்சினை தொடங்குவது கடையில்.

இன்று கிராஃபீன் என்ற பெயரில் கம்ப்யூட்டர் பிராசசருக்குப் பூசும் பசை கிடைக்கிறது, எஞ்சின் ஆயில் கிடைக்கிறது, கார் பாலிஷ் கிடைக்கிறது. குறைந்த வேக மின் ஸ்கூட்டர்களில் கிராஃபீன் பேட்டரி என்று எழுதி விற்கிறார்கள், அவற்றில் பல சாதாரண ஈய-அமில பேட்டரியில் கார்பன் சேர்த்தவை. சூடே ஏறாது, சட்டென்று ஆறிவிடும் என்பதுதான் பெரும்பாலும் சொல்லும் வாக்குறுதி. ஆதாரமாகக் காட்டும் எண்? அதே 5000.

அந்த டப்பாவுக்குள் இருக்கும் கிராஃபீன் எது என்று யாரும் சொல்வதில்லை. மலிவாக டன் கணக்கில் தயாரிக்கும் வழி, கிராஃபைட்டை அமிலத்தில் ஊறவைத்து ஆக்சிஜன் ஏற்றிப் பிரிப்பது. பிறகு ஆக்சிஜனை நீக்கப் பார்க்கிறார்கள், முழுக்கப் போவதில்லை. இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் வலை ஓரளவு ஆறும், ஆனால் செலவு எகிறும். 2018ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று கண்டங்களைச் சேர்ந்த 60 நிறுவனங்களின் கிராஃபீனை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது ஒன்று கூட இல்லை. மீதி எல்லாம் தடித்த கிராஃபைட் துகள். பாலில் தண்ணீர் கலந்தால் கேள்வி கேட்கும் ஊரில் இதைக் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் விளம்பரம் மறைக்கிறது. 5000 என்பது விகிதம், மொத்தம் இல்லை. ஒற்றைத் தாளின் தடிமன் 0.34 நானோமீட்டர்தான். வழி எவ்வளவு நல்ல வழியாக இருந்தாலும் அத்தனை ஒடுக்கமான வழியில் போகக்கூடிய வெப்பம் கொஞ்சம்தான். லாப விகிதம் ஐம்பது சதவீதம், ஆனால் மொத்த விற்பனையே நூறு ரூபாய் என்றால் கடை ஓடுமா? தாள்களை அடுக்கினால் மொத்தம் கூடும். ஆனால் அடுக்க அடுக்க அது கிராஃபைட் ஆகிவிடும், விகிதம் இரண்டாயிரம் பக்கம் இறங்கிவிடும்.

மறுபக்கம்

அப்படியானால் மாசூட்டலே தப்பா? இல்லவே இல்லை. இரண்டு இடங்களில் அது வரம்.

ஒன்று, வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் தெர்மோஎலக்ட்ரிக் கருவி. அதற்கு மின்சாரம் நன்றாக ஓட வேண்டும், வெப்பம் ஓடக் கூடாது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால்தானே கருவி வேலை செய்யும்! மற்றவர்கள் நஷ்டம் என்று எழுதும் தொகையை அங்கே வரவாக எழுதலாம்.

இரண்டு, பசையும் பிளாஸ்டிக் கலவையும். கிராஃபீன் துகளை எண்ணெயிலோ பிளாஸ்டிக்கிலோ கலக்கும்போது வெப்பம் திணறுவது துகளுக்குள்ளே இல்லை, துகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில். துகளின் ஓரத்தில் சில வேதிக் குழுக்களை ஒட்டினால் அது பிளாஸ்டிக்கோடு கைகோத்துக்கொள்ளும். துகளின் சொந்தக் கடத்தல் குறையும், ஆனால் கலவையின் மொத்தக் கடத்தல் கூடலாம். சென்னை ஐஐடியில் ராமபிரபு குழு கிராஃபீனைத் திரவத்தில் மிதக்கவிட்டு வெப்பத்தை ஆராய்ந்தபோது, திரவத்தில் நன்றாகக் கலக்க வேண்டும் என்பதற்காகவே மேற்பரப்பில் வேதிக் குழுக்களை ஏற்றினார்கள். எதற்காகக் கலக்கிறோம் என்று தெரிந்து, கலந்த பிறகு அளந்து, அந்த எண்ணை வெளியே சொல்கிறார்கள். அது விஞ்ஞானம்.

கலந்ததற்குப் பிறகும் கலக்காத பொருளின் எண்ணைச் சொல்லி விற்பதுதான் தப்பு. பித்தளையைச் செம்பு விலைக்கு விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

என்ன செய்யலாம்?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குத் தனி விளக்கமே உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவைக்குப் பத்து லட்சம் வரையும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் போடலாம். கிராஃபீன் என்றால் எது, எத்தனை அடுக்கு வரை அந்தப் பெயர் செல்லும் என்று சர்வதேசத் தர அமைப்பு 2017லேயே வரையறுத்துவிட்டது: பத்து அடுக்கு வரை. ஆக, சட்டமும் உண்டு, அளவுகோலும் உண்டு. இல்லாதது டப்பாவின் மேல் நாலு வரி: எத்தனை அடுக்கு, கார்பன் எத்தனை சதவீதம், கலந்திருப்பது எது, இந்தப் பொருளாகவே அளந்தபோது வெப்பக் கடத்தல் எவ்வளவு. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சடிக்க முடிகிற நாட்டில் இது பெரிய வேலை இல்லை.

மின் ஸ்கூட்டர் விஷயத்தில் இது வெறும் பணப் பிரச்சினையும் இல்லை. 2022ல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. பேட்டரி சூடாகாது என்ற நம்பிக்கையில் வீட்டுக்குள் படுக்கும் இடத்தில் சார்ஜ் போடுகிறவருக்கு, அந்த நம்பிக்கை எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று தெரிய வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த லாபமும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் அரசின் டாமின் நிறுவனத்துக்குக் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் கல்லில் கார்பன் சராசரியாகப் பதினான்கு சதவீதம். சுத்திகரித்து 96 சதவீதம் வரை கொண்டுவருகிறார்கள். பக்கத்து மாநிலமான கேரளா 2022லேயே டிஜிட்டல் பல்கலைக்கழகம், சி-மெட், டாடா ஸ்டீல் மூவரையும் சேர்த்துக் கிராஃபீனுக்கென்றே ஒரு மையம் தொடங்கிவிட்டது. நாளை சிவகங்கைக் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் செய்து விற்கும் நிலை வந்தால், சுத்தமான சரக்கு ஒரு விலைக்கும் கலந்த சரக்கு வேறொரு விலைக்கும் போக வேண்டும். சந்தையில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விசிட்டிங் கார்டு என்றால், கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்தவன் ஏன் செலவு செய்யப் போகிறான்? மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டும் என்பது பி.காம். முதல் வருடப் பாடம்.

சேர்வராயன் மலை பாக்சைட்டில் நடந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். மலையில் வெட்டிய மண்ணுக்கு மண் விலை. மேட்டூரில் உலோகம் ஆனபிறகு உலோக விலை. அதைத் தரம் பிரித்து, எந்தக் கலவை எதற்கு என்று எண் போட்டு விற்றவர்களுக்கு அதற்கும் மேல் விலை. அலுமினியக் கலவைகளுக்கு நாலு இலக்க எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு வெப்பம் கடத்தும் என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். கிராஃபீனுக்கும் அப்படி ஓர் எண் வரும் வரை, கடையில் "கிராஃபீன் சார், சூடே ஆகாது" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதோட கலந்தது?"

பதில் வராவிட்டால் அந்த 5000ஐ மறந்துவிட்டு, மற்ற சரக்குக்குக் கொடுக்கும் விலையை மட்டும் கொடுங்கள்.